வில்லனும் பார்வையாளரும்: எம். என். நம்பியாரின் கலைவாழ்வு பற்றிய ஒரு நோக்கு

தமிழ்ச் சினிமாவின் வரலாறு பெரும்பாலும் கதாநாயகரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. திரைப்படத்தை ஓர் அரசியல் தொடர்பாடல் ஊடகமாகக் கொண்டு பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதினார். எம். ஜி. இராமச்சந்திரனின் திரைப்படிமத்துக்கும் அரசியலுக்குமிடையேயான உறவினை எம். எஸ். எஸ். பாண்டியன் 1992 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்தார். இத்தகைய ஆய்வுகள் ஒருபுறமிருக்க, கற்றோரின் பொதுப்பேச்சில் எளிமைப்படுத்தப்பட்ட ஒரு முடிபு நிலைபெற்றுவிட்டது. தமிழ்ப் பார்வையாளர் நடிகனையும் அவன் தாங்கும் பாத்திரத்தையும் வேறுபிரித்து அறியமாட்டாதவர் என்பதும், திரையிலே ஏழைக்கு இரங்குபவனை மெய்யாகவே ஏழைபங்காளன் என நம்பி அவனை ஆட்சிபீடத்தில் ஏற்றினர் என்பதுமே அம்முடிபாகும்.

இம்முடிபு சரியானதா? இதனைச் சோதித்தற்குக் கதாநாயகனை மட்டும் நோக்குதல் போதாது. நடிகனையும் பாத்திரத்தையும் ஒன்றெனக் கொள்வது பார்வையாளரின் இயல்பாயின், அவ்வியல்பு வில்லன் விடயத்திலும் தொழிற்பட்டிருத்தல் வேண்டும். நாயகனின் நற்பண்பை மெய்யென நம்பியோர், வில்லனின் கொடுமையையும் மெய்யென நம்பி அவனை வெறுத்து ஒதுக்கியிருத்தல் வேண்டும். இவ்வகையில், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் திரையுலகில் நிலைத்து நின்று, அவற்றின் பெரும்பகுதியைக் கொடியோனாகவே கழித்த எம். என். நம்பியாரின் கலைவாழ்வு கூர்ந்து நோக்கத்தக்கது.

மஞ்சேரி நாராயணன் நம்பியார் 1919 மார்ச் 7 ஆம் திகதி வடமலபாரின் கண்ணூர்ப் பகுதியிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், உதகமண்டலத்தில் உறவினர் ஆதரவில் வளர்ந்து, பதின்மூன்று வயதளவில் நவாப் இராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால விநோத சங்கீத சபையிற் சேர்ந்தார். வறுமைப்பட்ட குடும்பத்துச் சிறுவர்க்கு உணவும் உறைவிடமும் தொழிலும் ஒருங்கே அளித்தவை அக்காலப் பாலர் நாடக சபைகள். இசை, வசன உச்சரிப்பு, ஆடல், வாட்போர் ஆகியன யாவும் அங்குக் கண்டிப்புடன் கற்பிக்கப்பட்டன. பின்னாளிலே தமிழ்த் திரையை ஆண்ட நடிகருட் பலர் இச்சபைகளின் மாணாக்கரே.

இந்நாடக மரபிற் பாத்திரங்கள் வகைப்படுத்தப்பட்டிருந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்னும் சொற்கள் தமிழகத்திற்கு மட்டுமன்றி யாழ்ப்பாணத்து இசைநாடக மேடைக்கும் பழக்கமானவை. ஒருவன் எந்தப் 'பார்ட்' ஆடுகின்றான் என்பது அவனது தொழிற்றிறனைக் குறித்ததேயன்றி அவனது குணத்தைக் குறித்ததன்று. இதற்கு நம்பியாரின் ஆசானே தக்க சான்றாவார். பத்திராசல இராமதாசரின் கதையில் அடியவரைச் சிறையிலிட்ட நவாபின் வேடத்தைத் தாங்கியமையாலேயே இராஜமாணிக்கத்துக்கு 'நவாப்' என்னும் அடைமொழி வாய்த்தது. பக்தனை வருத்திய ஆட்சியாளனின் பெயர் அதனை நடித்தவருக்குப் பட்டமாயிற்று. ஆயினும் அவரை ஒழுக்கமும் இறைபக்தியும் மிக்கவராகவே மக்கள் மதித்தனர். வேடத்தின் பெயரையும் ஆளின் பெருமையையும் ஒருசேர ஏற்றுக்கொண்ட பார்வையாளரை வெறும் அப்பாவிகள் எனக் கொள்ளுதல் எங்ஙனம்?

இச்சபையினர் நடித்து 1935 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பக்த ராமதாஸ்' படத்திலேயே நம்பியார் திரைக்கு அறிமுகமானார். எனினும் அவர் வில்லனாகவே தோன்றி வில்லனாகவே வளர்ந்தவரல்லர். 1950 ஆம் ஆண்டில், சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் இரு படங்களில் அவர் ஏற்ற பாத்திரங்களை ஒப்புநோக்கின் இது புலனாகும். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய 'திகம்பர சாமியார்' படத்திற் குற்றத்தைத் துப்பறியும் நாயகனாகப் பல மாறுவேடங்களில் நடித்தவர் அவரே. 'மந்திரி குமாரி' படத்திற் சூழ்ச்சிகள் புரியும் இராஜகுருவாக நடித்தவரும் அவரே. ஒரே ஆண்டில், ஒரே நிறுவனத்தில், ஒரே நடிகர் நன்மையின் பக்கத்திலும் தீமையின் பக்கத்திலும் நின்றார். அவரை நிலையாகத் தீமையின் பக்கத்தில் நிறுத்தியது காலத்தின் தேவையாகும்.

அத்தேவை யாது? குண்டலகேசிக் கதையின் ஒரு கூற்றை அடியாகக் கொண்டு மு. கருணாநிதி எழுதிய 'மந்திரி குமாரி'யிற் சிக்கலின் ஊற்று இராஜகுருவின் பேராசையே. தன் மகனைத் தளபதியாக்க விழையும் அவன் அரசனின் செவியைத் தன்வசப்படுத்தியுள்ளான், எம். ஜி. ஆர். நடித்த தளபதியோ தன் வீரத்தால் மட்டுமே உயர்ந்தவன். 1949 ஆம் ஆண்டிலே திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய சூழலில், சமயத்தின் பெயரால் அதிகாரம் செலுத்துவோன் வில்லனாக உருப்பெற்றமை தற்செயலன்று. பிறப்பாலும் புரோகிதத்தாலும் வந்த செல்வாக்கிற்கும் ஆற்றலால் வந்த உயர்வுக்கும் இடையிலான போராட்டம் அரண்மனைக் கதையாக உருமாற்றப்பட்டது. நம்பியாரின் முகம் அப்போராட்டத்தின் ஒரு தரப்புக்கு உரிய முகமாயிற்று.

அடுத்துவந்த ஆண்டுகளில் அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசைப்படுத்தின், தமிழ்ச் சமூகம் எவ்வெவ் அதிகாரங்களை அஞ்சிற்று என்பதற்கான ஒரு பட்டியல் கிடைக்கும். 'சர்வாதிகாரி' (1951) படத்தில் ஆட்சியைக் கைப்பற்ற முனையும் அமைச்சனாகவும், 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தில் மக்களை அடிமைகளாக நாடுகடத்தும் கொடுங்கோலனாகவும் அவர் தோன்றினார். 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) படத்திலே அரண்மனை மறைந்து, செல்வர் இல்லம் அவ்விடத்தைப் பெறுகின்றது. மனைவியின் தம்பிக்குரிய சொத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அவனைச் சவுக்கால் அடித்து அடக்கும் கஜேந்திரன் அதன் வில்லன். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் ஆடற்கலைஞரை உடைமையாக்க நினைக்கும் மதன்பூர் மகாராஜாவாக அவர் வந்தார். பின்னர் வந்த சமூகப் படங்களில் நகரத்துச் செல்வர்களும் கள்ளக்கடத்தற்காரரும் இப்பட்டியலை நிறைவு செய்தனர். குரு, அமைச்சன், அரசன், குடும்பத் தலைவன், பணமுதலை என அதிகாரத்தின் வடிவங்கள் மாறினும் அவற்றைத் தாங்கிய உடல் ஒன்றாகவே இருந்தது.

அவ்வுடலின் பயன்பாட்டிலே நம்பியாரின் கலைத்திறன் தங்கியுள்ளது. அவரது காலத்து வில்லன் நடிகருள் ஒவ்வொருவர்க்கும் ஒரு தனி முத்திரை இருந்தது. பி. எஸ். வீரப்பாவின் ஆற்றல் அதிரும் சிரிப்பிலே இருந்தது, டி. எஸ். பாலையா நகைச்சுவையையும் வஞ்சகத்தையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்ற வல்லவராயிருந்தார். நம்பியாரோ அடக்கிய சினத்தையே தம் கருவியாக்கிக்கொண்டார். சுருங்கி ஒருபக்கமாகச் சாயும் கண்கள், பல்லைக் கடித்து இழுத்துப் பேசும் பேச்சு, ஒன்றையொன்று பிசையும் கைகள் ஆகியன யாவும் உள்ளத்தில் நிகழும் சூழ்ச்சியைப் புறத்தே காட்டும் குறிகளாயின. நாடகசபையிற் பெற்ற வாட்பயிற்சி அவரை எம். ஜி. ஆருக்கு ஈடுகொடுக்கும் எதிரியாக்கிற்று. எதிரியின் வலிமையே வீரனின் வெற்றிக்கு அளவுகோல் என்பது பண்டைப் போர்ப்பாடல்களின் கொள்கை. அவ்வகையில் எம். ஜி. ஆரின் திரைப்படிமத்தை ஆக்கியோருள் நம்பியாரும் ஒருவர் என்பதில் ஐயமில்லை.

இவ்விருவரின் வாழ்வும் ஒப்பிடத்தக்கது. கண்டியிற் பிறந்ததாகக் கூறப்படும் எம். ஜி. ஆரும் மலையாளக் குடும்பத்தவர். அவரும் சிறுவயதில் தந்தையை இழந்து, வறுமை காரணமாகப் பாலர் நாடக சபையொன்றிற் சேர்ந்தவர். 1936 ஆம் ஆண்டில் 'சதிலீலாவதி' மூலம் திரைக்கு வந்தவர். தோற்றுவாய், பயிற்சி, தொழில், காலம் ஆகிய அனைத்தாலும் ஒத்த இருவர், பல்லாண்டுகள் ஒரே திரையில், ஒரே பார்வையாளர் முன் நின்றனர். ஒருவர் 1977 ஆம் ஆண்டில் தமிழகத்தின் முதலமைச்சரானார். தமது திரைப்பாத்திரங்களின் நற்பண்புகள் யாவும் அவர்மீது ஏற்றப்பட்டன. மற்றவரின் பாத்திரங்களின் தீப்பண்புகள் அவர்மீது ஏற்றப்பட்டனவா?

இல்லை என்பதே விடை. படம் ஓடும்பொழுது கொட்டகையிலே நம்பியாரைச் சபித்தோர் உண்டு. வஞ்சகனைக் குறிக்கும் பொதுச்சொல்லாக அவரது பெயர் பேச்சுவழக்கிற் புகுந்ததும் உண்மையே. ஆயினும் திரைக்கு வெளியே அவர் அறியப்பட்ட வகை முற்றிலும் வேறானது. மதுவும் புலாலும் நீக்கிய வாழ்வினராக, ஆசான் இராஜமாணிக்கத்தின் வழிநின்று ஐயப்ப வழிபாட்டில் ஈடுபட்டு, அறுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் சபரிமலை யாத்திரை சென்றவராக அவரைத் தமிழகம் அறிந்திருந்தது. அவரை மகாகுருசாமியாக ஏற்று, அவரது கையால் மாலை அணிந்து மலையேறியோர் பலர். திரையிலே பிறன் மனையாளைக் கவர முயல்பவனாகக் கண்ட அதே முகத்தை விரதத்துக்குரிய குருவின் முகமாக அம்மக்கள் ஏற்றனர். நடிகன் வேறு, பாத்திரம் வேறு என்பதை அறியாதாரிடம் இது நிகழ்ந்திருத்தல் இயலாது.

திரைப்பகை வாழ்விலும் புகுந்துவிட்டது போலத் தோன்றிய ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 1967 ஜனவரி 12 ஆம் திகதி எம். ஆர். ராதா எம். ஜி. ஆரைத் துப்பாக்கியாற் சுட்டார். அடுத்த மாதம் நடைபெற்ற தேர்தலிலே, காயக்கட்டுடன் கூடிய எம். ஜி. ஆரின் படம் சுவரொட்டிகளில் இடம்பெற்றது. மருத்துவமனையில் இருந்தவாறே அவர் சட்டசபைக்குத் தெரிவானார். இந்நிகழ்ச்சியிற்கூட மக்களின் சினம் சுட்டவர்மீது எழுந்ததேயன்றி, திரையில் எம். ஜி. ஆரை நூறுமுறை கொல்ல முயன்ற நம்பியார்மீது எழவில்லை. மெய்யான துப்பாக்கிக்கும் அட்டைவாளுக்கும் உள்ள வேறுபாட்டை மக்கள் நன்கறிந்திருந்தனர்.

அவ்வாறாயின் கதாநாயகனின் படிமம் மட்டும் ஆளோடு ஒட்டிக்கொண்டது எவ்வாறு? அது தானாக ஒட்டவில்லை. ஒட்டவைக்கப்பட்டது என்பதே பொருத்தமான விடையாகும். ஊர்தோறும் இரசிகர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. 1953 ஆம் ஆண்டில் எம். ஜி. ஆர். தி. மு. க.விற் சேர்ந்தபின் கட்சியின் மேடையும் கொடியும் ஏடுகளும் அவருக்குத் துணைநின்றன. மது அருந்தாத, புகைக்காத, தாயைப் போற்றும் தலைவனாகவே தோன்றுதல் என்னும் விதியை அவர் தமது படங்களிற் பெரிதும் பேணினார். வெளியிலே அவர் வழங்கிய கொடைகள் அப்படிமத்துக்குச் சான்றுகளாகப் பரப்பப்பட்டன. 1972 ஆம் ஆண்டில் அவர் தனிக்கட்சி தொடங்கியபோது, மன்றங்கள் கட்சிக் கிளைகளாக மாற ஆயத்தமாயிருந்தன. நம்பியாரின் பாத்திரங்களுக்கு மன்றமோ, கொடியோ, ஏடோ இல்லை. படம் முடிந்ததும் அவை திரையோடு நின்றுவிட்டன. ஆகவே எம். ஜி. ஆரின் வெற்றிக்குக் காரணத்தைப் பாமரரின் மயக்கத்திலன்றி, அமைப்பின் உழைப்பிலும், அம்மக்கள் அவரிடம் எதிர்பார்த்த நலன்களிலும் தேடுதலே வரலாற்று நோக்காகும்.

இவ்வாறு கூறுவதால் வில்லன் பாத்திரம் குறைபாடற்றது என்றாகாது. நிலவுடைமை, சாதி, ஆணாதிக்கம், மூலதனம் ஆகியவற்றால் விளையும் கொடுமைகள் யாவும் ஒரு தனிமனிதனின் தீயகுணமாகச் சுருக்கப்பட்டன. சவுக்கு கஜேந்திரனின் கையிலிருந்து நாயகனின் கைக்கு மாறுகின்றது, சவுக்கு ஒழிவதில்லை. இறுதிக்காட்சியில் வில்லன் மாள்கின்றான் அல்லது மனந்திருந்துகின்றான். அவனைத் தோற்றுவித்த அமைப்பு அப்படியே எஞ்சுகின்றது. இக்குறை நடிகருடையதன்று, அவருக்கு எழுதித் தரப்பட்ட உலகினுடையது. நாயகனை மட்டும் ஆராய்வோர் இதனை எளிதிற் காணத் தவறுவர். வில்லனை ஆராயுமிடத்தே இது வெளிப்படையாகின்றது.

1978 ஆம் ஆண்டுடன் எம். ஜி. ஆர். நடித்த புதுப் படங்களின் வரவு நின்றது. நான்கு ஆண்டுகளின் பின், 1982 ஆம் ஆண்டில் வெளிவந்த கே. பாக்யராஜின் 'தூறல் நின்னு போச்சு' படத்தில் இளங்காதலர்க்கு உறுதுணையாக நிற்கும் ஆசானாக நம்பியார் நடித்தார். முப்பது ஆண்டுகளாகத் தாம் வெறுத்த முகத்திலே கனிவையும் நகைச்சுவையையும் கண்ட பார்வையாளர் அதனைத் தயக்கமின்றி வரவேற்றனர். பாத்திரம் மாறியதும் தம் உணர்வையும் மாற்றிக்கொள்ள அவர்களால் இயன்றது. ஏனெனில் அவர்களது வெறுப்பு ஒருபோதும் நம்பியார் என்னும் மனிதர்மீது கொண்ட வெறுப்பாக இருந்ததில்லை.

2008 நவம்பர் 19 ஆம் திகதி தமது எண்பத்தொன்பதாவது வயதிலே நம்பியார் சென்னையிற் காலமானார். நாயகரின் புகழை ஆராய்ந்தோர், அப்புகழுக்கு இடமளித்த மக்களைப் பற்றியும் தீர்ப்புக் கூறியுள்ளனர். அத்தீர்ப்பை மீள்பரிசீலனை செய்தற்கு வேண்டிய சான்று இக்கலைஞரின் வாழ்விலே கிடக்கின்றது. கொட்டகையில் நம்பியாரைச் சபித்து, மலைப்பாதையில் அவரை வணங்கிய மக்கள் தாம் செய்வது யாதென அறிந்தே இரண்டையும் செய்தனர். அவர்களை அறியாதார் எனக் கருதும் ஆய்வு அவர்தம் அரசியலையும் அறிந்துகொள்ளமாட்டாது.