வந்த தூதரும் போன குடிகளும்

ஒரு நாட்டின் தூதுவர் வேறொரு நாட்டில் வந்து இறங்குவது வெறும் பிரயாணமன்று. முன்னதாகவே அவர் பெயரைத் தெரிவித்து அந்நாட்டின் சம்மதத்தைப் பெறல் வேண்டும். வந்தபின் நியமனப் பத்திரத்தைக் கையளித்தல் வேண்டும். 1961 ஆம் ஆண்டில் வியன்னாவில் நிறைவேறிய இராஜதந்திர உறவுகள் பற்றிய உடன்படிக்கையின் 10 ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. தூதுவர் மாத்திரமன்றி, காரியாலய உத்தியோகத்தர், குடும்பத்தினர், வீட்டு வேலைக்காரர் வரையில் எவர் வந்தாலும், எவர் முடிவாகப் புறப்பட்டாலும், வெளிவிவகார அமைச்சுக்கு அறிவித்தல் வேண்டுமென்பது அதன் விதி. சமையற்காரரின் வருகையும் பதிவில் ஏறும்! இதனை மனத்திற்கொண்டு, இலங்கைக்கு வந்துபோன இந்தியப் பிரதிநிதிகளின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

முதலில் வந்தவர் தூதுவரல்லர், ஏஜண்டு. 1922 ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின்படி 1923 இல் அப்பதவி ஏற்பட்டது. அவருடைய காரியாலயம் கொழும்பிலன்றிக் கண்டியில் அமைந்தமை கவனித்தற்குரியது. அவர் கவனிக்கவேண்டிய மக்கள் தேயிலைத் தோட்டங்களிலேயே இருந்தனர். தோட்டத் தொழிலாளரின் கூலியைப் பற்றி அறிக்கை எழுதுவதும் முறையிடுவதுமே அவர் தொழில். 1927 இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது இக்காலத்திலேதான்.

1939 இல் நிலைமை முறுகியது. இலங்கை அரசாங்க இலாகாக்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியரை நீக்கும் திட்டம் வந்தது. புகையிரதப் பகுதியை அண்டி வாழும் தெமட்டகொடை போன்ற இடங்களுக்கு இது தூரத்துச் செய்தியன்று. ஜவாஹர்லால் நேரு அவ்வாண்டு ஜூலையில் நேரில் வந்து பேசியும் பயன் சிறிதே. ஆகஸ்டு முதல் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்தியா தடைசெய்தது. 1943 இல் ஏஜண்டினும் உயர்ந்த பிரதிநிதியாக எம். எஸ். அணே அவர்கள் வந்தார்கள்.

1947 இல் வந்த திரு. வி. வி. கிரி அவர்களே முதலாவது உயர் ஸ்தானிகர். பொதுநலவாய நாடுகள் தமக்குள் அனுப்பும் தூதுவருக்கு அப்பெயர்தான் வழக்கம். கிரி அவர்கள் அகில இந்திய புகையிரதத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். சென்னையில் தொழில் மந்திரியாயிருந்தவர். தொழிலாளர் பிரச்சினையைப் பேச இவரிலும் பொருத்தமானவரை அனுப்பியிருத்தல் அரிது. எனினும் நடந்ததென்ன? அவர் இங்கிருந்த காலத்திலேயே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இலங்கையில் பிறந்தமை மாத்திரம் போதாது. தந்தையேனும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இங்கு பிறந்தவரென்று காட்டல் வேண்டும். பிறப்புச் சான்றிதழையே காணாத லயன் வீடுகளில் பூட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டில் இந்திய பாகிஸ்தானியருக்கெனத் தனிச்சட்டம் வந்தது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் குவிந்தன. முடிவில் பிரஜைகளானோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. கிரி அவர்கள் 1951 இல் விடைபெற்றார். பின்னர் 1969 இல் இந்திய ஜனாதிபதியானார். அவர் பேசிய மக்களோ இரு நாட்டுக்கும் உரியவரல்லாதவராய் நின்றனர்.

அவருக்குப் பின் வந்தவர் பலர். அவர்களுள் வை. டி. குண்டேவியா ஒருவரை மாத்திரம் குறிப்பிடுவோம். 1950களின் பிற்பகுதியில் கொழும்பில் உயர் ஸ்தானிகராயிருந்த அவர், 1964 ஒக்டோபர் 30 இல் டெல்லியில் சிறீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான வேளை இந்திய வெளிவிவகாரச் செயலாளர். 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். கடைக்கணக்கும் இவ்வளவு சுத்தமாய் முடிவதில்லை. எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் என்பதை மட்டும் இலக்கங்கள் சொல்லவில்லை.

ஒப்பந்தமாகி இரு மாதம் நிறையுமுன், டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேஸ்வரத்துக்கே சென்றது. கொழும்பிலிருந்து புறப்படும் தலைமன்னார் மெயில் மருதானையைக் கடந்து நம் தெமட்டகொடை வழியாகவே ஓடும். மலைநாட்டவர் பொல்காவலையில் அப்பாதையைச் சேர்வர். தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாய்ப் போனவர்களுள் பலர் இந்தியாவை ஒருமுறையேனும் கண்டவரல்லர். அவர்களுக்கு அது திரும்பிப் போதலுமன்று; ஆயினும் காகிதத்தில் அதற்குத் ‘தாயகம் திரும்புதல்’ என்றே பெயர்.

1991 இல் பிரித்தானிய உயர் ஸ்தானிகர் டேவிட் கிளாட்ஸ்டன், உள்ளூராட்சித் தேர்தலில் தலையிட்டாரென்று இலங்கையிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஒருவர் போனார், உலகப் பத்திரிகைகள் எழுதின. இலட்சக்கணக்கானோர் போனபோது அவ்வளவு மை செலவாயிற்றா என்பது ஐயமே.

1984 இல் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றது. போகாமல் எஞ்சியோருக்காக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இலங்கையில் நிரந்தரமாய் வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் அது பிரஜாவுரிமை அளித்தது. எந்நாள் முதல் வசித்திருத்தல் வேண்டுமென்பதற்குச் சட்டம் குறித்த திகதி 1964 ஒக்டோபர் 30.