ட்வைஃபெல்ஃபொன்டெய்ன்

நமீபியாவின் வடமேற்கில், குனேனே மாநிலத்தில் உள்ள பாறைச் செதுக்கல் தலம். முன்பு டமராலாந்து என்று பெயர் பெற்றிருந்த, இன்றும் பலர் அப்படியே அழைக்கிற வறண்ட மலைநிலத்தில், அபா-ஹுவாப் என்னும் காட்டாற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்திருக்கிறது. 2,000க்கும் மேற்பட்ட உருவங்கள் இங்குள்ள மணற்பாறைகளில் கொத்தப்பட்டுள்ளன. ஆப்பிரிக்காவில் இவ்வளவு செதுக்கல்கள் ஒரே இடத்தில் செறிந்திருப்பது அரிது. 2007இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நமீபியாவுக்குக் கிடைத்த முதல் உலக மரபுத் தகுதி இதுவே.

சகாராவின் பாறைக்கலைத் தலங்களில் நீர்யானையும் காட்டெருமையும் கல்லில் மட்டும் மிஞ்சின. நிலம் காய்ந்தபோது விலங்குகள் அற்றுப்போயின. ட்வைஃபெல்ஃபொன்டெய்ன் அப்படியல்ல. பாறையில் இருக்கும் யானை, காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, நெருப்புக்கோழி ஆகியவை சுற்றியுள்ள நிலத்தில் இன்னும் நடமாடுகின்றன. விலங்குகளை ஒதுக்கிவிட்டு இத்தலத்தின் வரலாற்றை எழுதினால் பாதிதான் சொன்னதாகும்.

நிலமும் ஊற்றும்

இங்கே ஆண்டு மழை 150 மி.மீ.க்கும் குறைவு. மேற்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் அட்லாண்டிக் கடல் இருந்தும் பயனில்லை. பெங்குவேலா குளிர்நீரோட்டம் கடற்காற்றைக் குளிரவைத்து மூடுபனியாக்குகிறதே தவிர, மழை மேகம் எழ விடுவதில்லை. ஆறுகள் மழைக்காலத்தில் சில நாள் ஓடி மணலுக்குள் இறங்கிவிடும். மீதிக் காலமெல்லாம் அந்த மணலுக்கு அடியிலுள்ள ஈரத்தை நம்பித்தான் கரையோர மரங்கள் நிற்கின்றன.

செந்நிற மணற்பாறை, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகள் இறுகி உருவானது. குன்றுச் சரிவிலிருந்து பெயர்ந்து விழுந்த பாளங்களின் மேல், நெடுங்கால வெயிலில் கருஞ்சிவப்புப் படலம் படிந்திருக்கிறது. கடினமான படிகக்கல்லால் கொத்தினால் அந்தப் படலம் பெயர்ந்து, உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரியும். அடிவாரத்தில் ஒரு சிறு ஊற்று. விலங்கும் வேடனும் கடைசியில் வந்து சேர்ந்தாக வேண்டிய இடம் அது.

செதுக்கியவர்கள்

நமீபியாவின் கலை வரலாறு இத்தலத்தைவிட மிகப் பழமையானது. நாட்டின் தென்கோடியில் உள்ள ஒரு குகையில் தொல்லியலாளர் வென்ட் 1969இல் அகழ்ந்தபோது, விலங்குருவம் தீட்டிய கற்பலகைகள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 27,000 ஆண்டுகள். அப்போது நிலவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த விண்கலத்தின் பெயரால் அது அப்பல்லோ 11 குகை என்றே அழைக்கப்படுகிறது. அதே வென்ட் 1968இல் ட்வைஃபெல்ஃபொன்டெய்னிலும் அகழாய்வு செய்தார்.

இங்குள்ள செதுக்கல்களில் பெரும்பாலானவை 2,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனக் கருதப்படுகின்றன. செதுக்கியவர்கள் இன்றைய சான் மக்களின் முன்னோரான வேட்டைக் குடிகள். பிற்காலத்தில் ஆடு மேய்த்து வந்த கொய்கொய் மக்களும் சிலவற்றைச் செய்திருக்கலாம். செதுக்கல்களோடு செங்காவி மனித உருவங்கள் தீட்டிய சில பாறை ஒதுக்குகளும் உண்டு.

முழு விலங்குகளைப் போலவே காலடித் தடங்களுக்கும் பாறைகளில் இடமுண்டு. தடம் பார்த்துப் பிழைத்தவர்களின் கலை இது. குளம்பின் அளவிலிருந்தே விலங்கின் வயதையும் போன நேரத்தையும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, தடமே அந்த விலங்கின் முழு அடையாளம். ‘சிங்க மனிதன்’ எனப்படும் புகழ்பெற்ற செதுக்கலை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். உடல் சிங்கம், நீண்ட வால் செங்குத்தாக முறிந்து, நுனியில் ஒரு பாதத்தடம். ஒவ்வொரு பாதத்திலும் ஐந்து விரல்கள். சிங்கத்தின் தடத்தில் நான்கு விரல்களே பதியும். அன்றாடம் மணலில் அந்தத் தடத்தைக் கண்டவர் எண்ணிக்கையில் தவறியிருக்க முடியாது. மனிதன் விலங்காக மாறும் நிலையையே அவர் கொத்தியிருக்கிறார்.

ஜான் கினஹன் முதலிய தொல்லியலாளர்கள் இச்செதுக்கல்களை வேட்டைக் கணக்காகவோ பொழுதுபோக்காகவோ கொள்வதில்லை. நோய் தீர்க்கவும் மழை வேண்டியும் ஆடி, மெய்ம்மறந்த நிலைக்குச் செல்லும் பூசாரிகளின் அனுபவத்தோடு அவற்றை இணைக்கிறார்கள். தென்னாப்பிரிக்கச் சான் மக்களின் வாய்மொழி மரபு இதற்குத் துணை நிற்பதால், இதுவே வலுவான விளக்கமாகத் தோன்றுகிறது. ஒரு பாறையில் பென்குவினும் கடல்நாயும் இருக்கின்றன. செதுக்கியவர்கள் கடற்கரை வரை நடந்து போய்வந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

வெளியார் பார்வை

ஜெர்மானிய நில அளவையாளர் ரெய்ன்ஹார்ட் மாக் 1921இல் இச்செதுக்கல்களைப் பற்றி எழுதினார். அதற்கு முன், 1918இல், தெற்கே உள்ள பிராண்ட்பெர்க் மலையில் ‘வெள்ளைப் பெண்மணி’ என்று பின்னர் பெயர் பெற்ற பாறை ஓவியத்தைக் கண்டவரும் அவர்தான். பிரெஞ்சு அறிஞர் ஹென்றி புரூயி அந்த ஓவியத்தின் நகலைப் பார்த்து, பின்பு நேரிலும் வந்து ஆராய்ந்து, அது மத்தியதரைக் கடல் நாகரிகத்தைச் சேர்ந்த பெண் என்று 1955இல் நூலே வெளியிட்டார். உண்மையில் அது ஆணின் உருவம். உடலில் வெள்ளை வண்ணம் பூசிய ஆப்பிரிக்கப் பூசாரியாக இருக்கலாம் என்பது இன்றைய கருத்து. இத்தனை நேர்த்தியான கலையை இம்மண்ணின் மக்கள் படைத்திருக்க முடியாது என்ற காலனிய நம்பிக்கையே அந்தப் பிழையின் வேர். ஓவியம் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று பார்வையாளர்கள் அதன்மேல் நீர் ஊற்றி ஊற்றி, நிறம் பெரிதும் மங்கிவிட்டது. அதே மலையில் ஹரால்ட் பாகர் 1977 முதல் 1985இல் இறக்கும்வரை தங்கி, 40,000க்கும் மேற்பட்ட உருவங்களைப் பொறுமையாகப் படியெடுத்தார். புரூயியின் ஊகங்கள் உதிர்ந்துபோயின. பாகரின் படிகள் இன்றும் ஆய்வுக்கு அடிப்படையாக நிற்கின்றன.

ட்வைஃபெல்ஃபொன்டெய்னில் நீண்டகாலமாக டமாரா மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் இடத்துக்கு இட்ட பெயர் உய்-அயெஸ். நாக்குச் சொடுக்கொலியோடு சொல்ல வேண்டியது. 1947இல் வெள்ளைக் குடியேறியான டேவிட் லெவின் இங்கே பண்ணை வைத்தார். ஊற்று நீர் போதுமா என்ற ஐயத்திலேயே வாழ்ந்த அவர், ‘ஐயத்துக்குரிய ஊற்று’ என்னும் பொருளில் வைத்த ட்வைஃபெல்ஃபொன்டெய்ன் என்ற பெயர்தான் ஆவணங்களில் நிலைத்தது. அப்போது ஆண்ட தென்னாப்பிரிக்க அரசு அமைத்த ஒடெண்டால் ஆணையத்தின் 1964ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, இனவாரி ஒதுக்கீட்டுத் திட்டத்தில் இப்பகுதி டமராலாந்தின் பங்காயிற்று.

1952இல் தேசியச் சின்னமாக அறிவித்தும், பல பத்தாண்டுகள் காவலரே இல்லை. பலர் பாறைகளில் பெயர் கீறினார்கள். சிலர் செதுக்கல்களைப் பெயர்த்தும் சென்றார்கள்.

விலங்குகளும் காவலும்

இப்பகுதி யானைகள் தனி இனமல்ல. சாதாரண ஆப்பிரிக்கச் சவன்னா யானைகளே. வேறுபடுவது அவற்றின் அறிவு. எந்த ஆற்றுவளைவில் எப்போது நீர் கிடைக்கும் என்பதை மூத்த பெண்யானை அறிந்திருக்கும். கூட்டம் அதன் பின்னே நடக்கும். வறண்ட ஆற்றுமணலைத் தோண்டி அவை எடுக்கும் நீரை மற்ற விலங்குகளும் குடிக்கின்றன. கருப்புக் காண்டாமிருகமோ மனிதனுக்கு நஞ்சான பாலுள்ள டமாரா கள்ளியைத் தின்று வாழ்கிறது. தேசியப் பூங்காவுக்கு வெளியே, வேலியின்றித் திரியும் கருப்புக் காண்டாமிருகங்களில் உலகின் பெரிய கூட்டம் வடமேற்கு நமீபியாவில்தான் இருக்கிறது.

அது எளிதில் கிடைத்த நிலையல்ல. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் தந்தத்துக்கும் கொம்புக்குமான வேட்டை அவற்றை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. கடும் வறட்சியில் கால்நடைகளை இழந்த மக்களும் வேட்டையை நாடினார்கள். தாவர ஓவியரான பிளைத் லூட்டிட் 1982இல் காண்டாமிருகக் காப்பு அறக்கட்டளையைத் தொடங்கினார். கார்த் ஓவன்-ஸ்மித் ஊர்த் தலைவர்களோடு பேசி, அவர்களே தேர்ந்தெடுத்த உள்ளூர் ஆட்களை விலங்குக் காவலர்களாக்கினார். தடம் பார்க்கும் பழைய கலை, வேட்டையிலிருந்து காவலுக்கு இடம் மாறியது. இப்பகுதியின் வரலாற்றில் இதைவிட முக்கியமான திருப்பம் இல்லை என்றே சொல்ல வேண்டும். திருட்டு வேட்டைக்காரர்களைத் தடுக்க 1989இல் காண்டாமிருகங்களின் கொம்பை அறுத்துவிடும் முறையையும் நமீபியாவே முதலில் கையாண்டது.

விடுதலைக்குப் பின், 1996ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பொதுநிலங்களில் வாழும் மக்கள் தங்கள் பகுதியைக் காப்பகமாகப் பதிந்து, விலங்குகளின் மீதான உரிமையையும் சுற்றுலா வருவாயையும் பெற வழிசெய்தது. அருகிலுள்ள டோரா காப்பகம் 1998இல் பதிவான முதல் நான்கில் ஒன்று. செதுக்கல் தலத்திலும் இதே போக்குதான். டமாரா வழிகாட்டிகளுடன் மட்டுமே பார்வையாளர்கள் குறித்த பாதைகளில் செல்லலாம். கட்டடக் கலைஞர் நினா மரிட்ஸ் வடிவமைத்து 2005இல் எழுந்த வரவேற்பு மையம், வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய்களால் கூரை வேய்ந்தது. ஒருநாள் பிரித்தெடுத்தால் நிலத்தில் வடு இருக்காது.

2010களில் நீடித்த வறட்சி வரிக்குதிரைகளையும் மான்களையும் வெகுவாகக் குறைத்தது. இரை குறைந்ததால் பாலைச் சிங்கங்கள் தொழுவங்களை நாடி வருகின்றன. ஆடுமாடுகளை இழப்பவர்கள் துப்பாக்கி எடுக்கிறார்கள். பிலிப் ஸ்டாண்டர் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வில் கழுத்துப்பட்டை அணிவித்துக் கண்காணிக்கப்பட்ட சிங்கங்களில் பலவும் இப்படி இறந்தன. சிங்கத்தின் நடமாட்டத்தை ஊருக்கு முன்கூட்டியே அறிவிப்பதும், இரவில் கால்நடைகளை வலுவான பட்டிகளில் அடைப்பதும் இப்போது காப்பகக் காவலர்களின் அன்றாட வேலையாகியிருக்கின்றன.