வீணைக்குக் காது எங்கே?

வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டிலேயே வாசித்து வந்தார். அந்தச் சபையைப் பற்றிப் பேசியவர்கள் அவருடைய வாசிப்போடு அங்கு நிலவிய நிசப்தத்தையும் சேர்த்தே பேசியிருக்கிறார்கள். அந்த நிசப்தம் மரியாதையால் மட்டும் விளைந்ததல்ல. அது வாத்தியத்தின் தேவையாகவும் இருந்தது. வீணையின் குரல் சன்னமானது. பக்கத்தில் ஒருவர் செருமினால் ஒரு கமகத்தின் வால் காணாமல் போய்விடும்.

கூடத்தில் பிறந்த இந்தக் குரல் இருபதாம் நூற்றாண்டில் சபாக்களின் மேடைக்கு வந்தது. 1962இல் மியூசிக் அகாதெமியின் பெரிய அரங்கம் திறக்கப்பட்டபோது, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வீணை கேட்டாக வேண்டும் என்பது சங்கீதத்தின் நியதிகளில் ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தது. வீணையை ஒலிபெருக்கலாமா, கூடாதா என்று ரசிகர்கள் நிறையவே வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் ஒலியை வாத்தியத்தின் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. உண்மையில் அதுவே முதற்கேள்வி. அதன் சரித்திரத்தில் ஒரு பகுதி கல்கத்தாவில் பணியாற்றிய ஒரு தமிழரின் ஆய்விலும், மறு பகுதி அமெரிக்க கிதார்ப் பட்டறைகளிலும் இருக்கிறது.

தந்தியை மீட்டும்போது ஒரே ஒரு சுரம் பிறப்பதில்லை. தந்தி முழுதாக அதிர்வதோடு, இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் பகுபட்டும் அதிர்கிறது. இந்தப் பகுதிகள் எழுப்பும் மேற்சுரங்களின் கலவைதான் நாதத்தின் நிறம். ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் தந்தியில் சில அசையாப் புள்ளிகள் உண்டு. இயற்பியலார் அவற்றைக் கணு என்பர். ஒரு மேற்சுரத்தின் கணு இருக்கும் இடத்தில் தந்தியை மீட்டினால் அந்த மேற்சுரம் பிறக்கக்கூடாது. இது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரின் பெயரால் வழங்கும் விதி.

சி. வி. ராமன் 1921இல் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில், தம்புராவும் வீணையும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று காட்டினார். கணுவில் மீட்டினாலும், மௌனமாக இருக்கவேண்டிய மேற்சுரம் பலமாகவே ஒலிக்கிறது. காரணம் குதிரை. வயலினுடைய குதிரையைப் போல அது கூர்மையான விளிம்பு அன்று. மேலே சற்றே வளைந்த உலோகத் தகடு பதித்தது. அதிரும் தந்தி அந்த வளைவைத் தழுவியபடியே எழுந்து விலகுகிறது. பெயர் தெரியாத தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் காதைக் கொண்டே கண்டடைந்த வளைவு அது. நோபல் பரிசு பெறுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக ராமன் அதற்கு அறிவியலின் மொழியில் விளக்கம் தந்தார்.

அடுத்த பத்தாண்டுக்குள் அமெரிக்காவில் வேறொரு காரியம் நடந்தது. ஹவாயன் கிதார் வாசித்து வந்த ஜார்ஜ் போஷாம்ப், நடன மண்டபங்களின் இரைச்சலில் தம் வாத்தியம் கேட்கவில்லை என்ற குறையோடு சோதனைகளில் இறங்கினார். எஃகுத் தந்திக்கு அருகே காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைத்தால், தந்தியின் அசைவு சுருளில் மின்னோட்டமாக மாறும். 1931இல் உருவாகி, ரிக்கன்பேக்கர் பெயரில் விற்பனைக்கு வந்த ‘வாணலி’ கிதார் இப்படிப் பிறந்தது. 1937இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. இந்தக் காந்தக் காதுக்குப் பெயர்தான் பிக்கப்.

மீட்டும் இடத்துக்கு உரிய விதி கேட்கும் இடத்துக்கும் பொருந்தும். பிக்கப் ஒரு மேற்சுரத்தின் கணுவுக்குக் கீழே அமைந்துவிட்டால் அந்த மேற்சுரம் அதற்குக் கேட்காது. குதிரைக்கு அருகே வைத்தால் கூர்மையான, மெலிந்த நாதம். விலக்கி வைத்தால் உருண்ட, இதமான நாதம். ஃபென்டர் நிறுவனம் 1950இல் வெளியிட்ட கிதாரில் குதிரையருகே உள்ள பிக்கப் சாய்வாகப் பொருத்தப்பட்டது. மெல்லிய தந்திகளைக் குதிரைக்கு அருகிலும், தடித்த தந்திகளைச் சற்றுத் தள்ளியும் கேட்பதற்கான ஏற்பாடு அது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலக்கைக்காரர்களுக்கான கிதாரைத் தலைகீழாகப் பிடித்து இடக்கையால் மீட்டியபோது இந்தச் சாய்வும் தலைகீழாயிற்று. தந்திகளின் நிறங்கள் இடம் மாறின. பிரிட்டனைச் சேர்ந்த ஃப்ரெட் ஃப்ரித் இன்னும் ஒரு படி போனார். 1974இல் வந்த அவருடைய தனிக் கிதார் இசைத்தட்டுக்காக, பிருடைகள் இருக்கும் முனையில் கூடுதலாக ஒரு பிக்கப்பைப் பொருத்தினார். விரல் அழுத்தும்போது தந்தி இரண்டாகப் பிரிகிறது. நாம் கேட்பது குதிரைப் பக்கத்துத் துண்டை மட்டுமே. ஒதுக்கப்பட்ட மறுபக்கத்துத் துண்டுக்கும் ஒரு காது வைத்தார் ஃப்ரித்.

இந்தக் காதை வீணைக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? வீணைக்கு 24 மெட்டுகள். பன்னிரண்டாம் மெட்டில் தந்தி பாதியாகிறது, இருபத்து நான்காவதில் கால்வாசியாகிறது. ஆகவே மெட்டில்லாத வெற்றிடம் தந்தியின் கடைசிக் கால்பகுதி மட்டுமே. கிதாரில் இதமான நாதம் தரும் பிக்கப் ஏறத்தாழ எங்கே இருக்குமோ, அங்கே வீணையின் கடைசி மெட்டு உட்கார்ந்திருக்கிறது. மிஞ்சிய இடத்தில்தான் வலக்கையும் மீட்டியாக வேண்டும். தந்திகள் பலகைக்கு வெகு மேலே ஓடுவதால், காந்தத்தைத் தனியாக மேடை கட்டி உயர்த்தவும் வேண்டும்.

அடுத்த சிக்கல் கமகம். வீணையில் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்தே சுரத்தை வளைக்கிறோம். ‘அந்த நாள்’ (1954) படத்தை இயக்கிய வீணை எஸ். பாலசந்தர், ஒரே மெட்டில் பல சுரங்களை இழுத்துக் காட்டுவதற்குப் பேர்போனவர். மெட்டில் ஓர் அங்குலம் இழுபடும் தந்தி, மெட்டுக்கும் குதிரைக்கும் நடுவில் அரை அங்குலம் விலகும். குதிரையை நெருங்க நெருங்க விலகல் குறையும். ஒவ்வொரு தந்திக்கும் தனிக் காந்தமுனை கொண்ட கிதார் பிக்கப்பைக் குதிரையிலிருந்து தள்ளி வைத்தால், உயிரான இழுப்பின் உச்சியில் தந்தி காந்தத்தை விட்டு விலகி, ஒலி தளர்ந்துபோகும். குதிரையை ஒட்டி வைத்தால் கமகம் பிழைக்கும், நாதம் மெலியும். மந்தரத் தந்திகளின் மேல் சுற்றிய செம்பையும் பித்தளையையும் காந்தம் பொருட்படுத்துவதில்லை என்பது தனிக்கதை.

எல்லாவற்றுக்கும் மேலாக, காந்தத்துக்குத் தந்தி மட்டுமே கேட்கும். பலாமரக் குடம் அதற்குக் கேட்காது. வளைந்த குதிரை மீட்டுக்கொடுத்த மேற்சுரத்தை, தவறான இடத்தில் வைத்த காந்தம் மறுபடியும் மறைத்துவிடவும் கூடும்.

குடத்தின் பலகையிலோ குதிரையின் அருகிலோ ஒட்டும் காண்டாக்ட் மைக் இந்தக் கணுக்களின் தொல்லையிலிருந்து பெரிதும் தப்புகிறது. அது தந்தியைக் கேட்பதில்லை. தந்தி மரத்துக்குச் சொல்வதைக் கேட்கிறது. ஆனால் மரத்தின் எல்லா இடங்களும் ஒரே மாதிரி அதிர்வதில்லை. இரண்டு விரற்கடை நகர்த்தினால் வேறொரு வீணை கேட்கும். விரல் உரசலும் நகத்தின் தட்டலும்கூடப் பெரிதாகிவிடும்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸை (1969–2014) இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பாலகொல்லுவில் பிறந்து, 1981இல் சென்னை மேடையேறிய சிறுவன் அவர். மாண்டலினின் நான்கு இரட்டைத் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக்கொண்டார். மின்சாரத்தையும் தயங்காமல் ஏற்றார். மின்சாரமற்ற மாண்டலினில் நாதம் சட்டென்று அடங்கிவிடும். இரட்டைத் தந்தியை ஒருசேர இழுப்பதும் எளிதன்று. பிக்கப் அவருக்குக் கார்வையைத் தந்தது, ஒற்றைத் தந்தி கமகத்தைத் தந்தது. மேனாட்டு வாத்தியம் கர்நாடக சங்கீதத்துக்கு ஆகுமா என்று முணுமுணுத்தவர்களும் சில ஆண்டுகளில் அடங்கினார்கள்.

அவர் வென்ற இடத்தில் வீணை தயங்கி நிற்பது ஏன்? மாண்டலினுக்குக் கர்நாடக சங்கீதத்தில் பூர்வீகக் குரல் என்று ஒன்று இருக்கவில்லை. பிக்கப் தந்த குரலே அதன் குரலாயிற்று. வீணைக்கோ இழப்பதற்கு ஒன்று இருக்கிறது. தனம்மாள் வீட்டுக் கூடத்தில் சிலர் மூச்சடக்கிக் கேட்டதும், ராமன் விளக்கியதும் அதைத்தான்.

ஆகவே ஒலிபெருக்கியே வேண்டாம் என்பதல்ல முடிவு. கூடம் திரும்பி வராது. அரங்கத்தில் கேட்காத வீணை மெல்ல மறக்கப்படும் வீணை. ஆனால் காதை எங்கே ஒட்டுவது என்பதை ஒலிபெருக்கிக்காரரின் அவசரத்துக்கு விட்டுவிட முடியாது. குதிரையின் வளைவைத் தச்சர் எத்தனை பொறுமையோடு அராவியெடுக்கிறாரோ, அதே பொறுமையோடு வைணிகர் அந்த இடத்தைத் தேட வேண்டும். சுருதி சேர்ப்பதைப் போல அதுவும் சங்கீதத்தின் காரியமே.