பாஸ் கித்தாருக்கு மலிவு விலையில் மாற்று பிக்கப்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கோவில் திருவிழா, திருமண விருந்து, தோட்டத்துப் பொங்கல் விழா என எங்கு மேடை போட்டாலும் இசைக்குழுவில் பாஸ் கித்தாருக்கு ஓர் இடம் உண்டு. அதிலும் இளையராஜா பாடல்களை வாசிக்கும் குழுவில் பாஸ் சரியாகக் கேட்காவிட்டால் பாட்டே வெறுமையாகிவிடும். ஆனால் நம் இளைஞர்கள் பலரிடம் இருப்பது தொடக்கநிலைக் கித்தாரோ, கைமாறி வந்த பழைய கித்தாரோதான். ஒலி மங்கினாலும் இரைச்சல் வந்தாலும் "பிக்கப்பை மாற்று" என்ற ஆலோசனைதான் முதலில் கிடைக்கிறது.

அந்த ஆலோசனை எல்லா நேரமும் சரியானதல்ல. கோளாறு வேறிடத்தில் இருந்தால் பணம் வீண். அளவு தவறாக வாங்கினால் கித்தாரின் உடலைக் குடைய வேண்டி வரும். எனவே முதலில் சோதனை, பிறகு அளவு, கடைசியில் விலை என்ற வரிசையில் போவதே சிக்கனம்.

பிக்கப் என்ன செய்கிறது?

தந்திகளுக்குக் கீழே கறுப்பு உறைக்குள் இருக்கும் பாகமே பிக்கப். உள்ளே காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை சுற்றப்பட்ட மெல்லிய செம்புக் கம்பியும் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, கம்பிச் சுருளில் சிறு மின்சைகை உண்டாகிறது. அந்தச் சைகையைத்தான் ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்குகிறது.

மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

* தந்தி: நம் நாட்டு ஈரப்பதத்தில் தந்திகள் சீக்கிரம் துருப்பிடித்து ஒலி மங்கும். புதிய தந்தி பூட்டிய பிறகே பிக்கப்பைக் குறை சொல்ல முடியும்.
* உயரம்: கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். தடித்த தந்தியின் பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கலாம். பக்கத் திருகாணியைத் திருப்பினால் உயரம் மாறும், செலவே இல்லை.
* கரகரப்பு: வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்று வந்தால் அழுக்கேறிய குமிழே காரணம். காண்டாக்ட் கிளீனர் தெளித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கேபிளை அசைக்கும்போது வந்தால் கேபிளையும் ஜாக்கையும் பாருங்கள்.
* பேட்டரி: கித்தாரில் 9 வோல்ட் பேட்டரி இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். இவ்வகைக் கித்தார்களில் பெரும்பாலானவற்றில் கேபிளைச் செருகியே வைத்திருந்தால் பேட்டரி தீர்ந்துவிடும்.

இவற்றுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டர் பதில் சொல்லும். பேட்டரி இல்லாத கித்தாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடல் பகுதிக்கும் இடையே மின்தடையை அளக்கவும். பிரிசிஷன் வகையில் சுமார் 10 கிலோ ஓம் காட்டும். ஜாஸ் வகையில் ஒரு பிக்கப்பின் வால்யூமை முழுதாகக் குறைத்து மற்றதை அளந்தால் 7 அல்லது 8 கிலோ ஓம் வரும். 100 கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் பிக்கப்பின் கம்பியோ அதன் இணைப்போ அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். இணைப்பு சரியாக இருந்தால் பிக்கப்பை மாற்றத்தான் வேண்டும்.

உங்கள் கித்தாரில் இருப்பது எந்த வகை?

பிரிசிஷன் வகை: லியோ ஃபெண்டர் 1951-இல் அறிமுகப்படுத்திய பாஸ் இது. இன்று பரவலாகக் காணப்படும், இரண்டு துண்டுகளாகப் பிரிந்த பிக்கப் 1957-இல் வந்தது. ஒவ்வொரு துண்டும் இரண்டு தந்திகளைக் கவனிக்கும். இரு துண்டுகளும் எதிரெதிராக அமைந்திருப்பதால் மின் இரைச்சல் தானாகவே அடங்கும். அளவு பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதால் மாற்றுவதற்கு எளிதான வகை இதுதான்.

ஜாஸ் வகை: 1960-இல் வந்தது. நீளமான, ஒல்லியான இரண்டு பிக்கப்புகள் இருக்கும். இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றை மட்டும் திறந்தால் "ம்ம்ம்" என்ற ஓசை வரும். இது பழுதல்ல, அமைப்பே அப்படி. ஒரு பிக்கப்பை மட்டும் வேறு நிறுவனத்தினுடையதாக மாற்றினால் இந்தப் பொருத்தம் கெடலாம். ஆகவே ஜோடியாக வாங்குவது நல்லது.

மியூசிக் மேன் வகை: 1976-இல் வந்த ஸ்டிங்ரே பாஸில் இருப்பது போன்ற, பெரிய காந்த முனைகள் கொண்ட அகலமான ஹம்பக்கர்.

சோப் பார் வகை: சோப்புக் கட்டி போன்ற, மேலே எதுவும் தெரியாத மூடிய உறை. ஒரே தோற்றத்தில் பல அளவுகள் உள்ளன. எடுத்துக்காட்டாக, இஎம்ஜி நிறுவனத்தின் 35, 40, 45 ஆகிய அளவுகளின் நீளம் முறையே 3.5, 4, 4.5 அங்குலம்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள்

ஜாஸ் பாஸில் கழுத்துப் பக்கப் பிக்கப் சுமார் 92 மில்லிமீட்டர் நீளமும், பிரிட்ஜ் பக்கப் பிக்கப் சுமார் 95 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை. இந்த 3 மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் ஒன்று குழிக்குள் இறங்காது. சில மலிவுக் கித்தார்களில் இரண்டுமே ஒரே நீளத்தில் இருக்கும். எனவே பழைய பிக்கப்பைக் கழற்றி நீளம், அகலம், உயரம், திருகாணித் துளைகளின் இடம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொண்ட பிறகே கடைக்குப் போகவும். ஐந்து தந்திக் கித்தாருக்கு நான்கு தந்திப் பிக்கப் பொருந்தாது.

எவ்வளவு செலவு செய்யலாம்?

இணையச் சந்தைகளில் 100 ரிங்கிட்டுக்கும் குறைவாகவே பிரிசிஷன், ஜாஸ் பிக்கப்புகள் கிடைக்கின்றன. ஃப்ளியோர் போன்ற சீன நிறுவனங்களின் தயாரிப்புகள் இந்த வரிசையைச் சேர்ந்தவை. வில்கின்சன், ஆர்டெக் ஆகியவை மலிவுப் பிரிவில் பெயர் பெற்றவை. செய்மர் டங்கன், டிமார்சியோ போன்றவற்றுக்குச் சில நூறு ரிங்கிட் ஒதுக்க வேண்டும். ஜாஸ் பாஸின் இரைச்சலே உங்கள் தொல்லை என்றால், டிமார்சியோவின் மாடல் ஜே போன்ற இரைச்சல் அடக்கும் பிக்கப்புக்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.

பயன்படுத்திய பிக்கப்புகளையும் யோசிக்கலாம். தரமான கித்தாரை வாங்கிப் பாகங்களை மாற்றுபவர்கள், அதிலிருந்து கழற்றிய அசல் பிக்கப்பை முடா, கரோசல் தளங்களில் விற்பதுண்டு. பெரிய நிறுவனத்தின் பெயரோடு மிகக் குறைந்த விலை இருந்தால் போலியாக இருக்கலாம். மின்தடை அளவைப் படம் எடுத்து அனுப்பும்படி விற்பவரைக் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அனுப்பும் கட்டணத்தோடு இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரங்களில் "அல்னிகோ", "செராமிக்" என்று காந்தத்தின் பெயர் வரும். அல்னிகோ சற்று மென்மையாகவும் செராமிக் சற்றுக் கூர்மையாகவும் ஒலிக்கும் என்பது பொதுவான கருத்து. ஆனால் கம்பி சுற்றப்பட்ட விதமும் ஒலியை மாற்றும். செராமிக் என்பதாலேயே ஒரு பிக்கப்பை ஒதுக்க வேண்டியதில்லை. மின்தடை எண் பெரிதாக இருப்பதும் தரத்துக்குச் சான்றாகாது.

பொருத்தும்போது

ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே செய்துவிடலாம். பழைய இணைப்புகளை முதலில் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கம்பிகளின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; உடன் வரும் வரைபடத்தைப் பாருங்கள். மாற்றிய பிறகு இரண்டு ஜாஸ் பிக்கப்புகளையும் சேர்த்துத் திறக்கும்போது பாஸ் மெலிந்து கேட்டால் அவை எதிர்த்திசையில் இணைந்துள்ளன என்று பொருள். பெரும்பாலும் ஒன்றின் இரு கம்பிகளை இடம் மாற்றினால் போதும்.

பிரிட்ஜுக்குச் செல்லும் தரைக் கம்பியைத் துண்டிக்கக் கூடாது; துண்டித்தால் இரைச்சல் கூடும். அந்தக் கம்பி வழியாகத் தந்திகள் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். எர்த் இல்லாத பிளக்கிலோ, சரியாக இணைக்கப்படாத ஜெனரேட்டரிலோ வாசிக்கும்போது தந்தியைத் தொட்டாலோ, மைக்கில் உதடு பட்டாலோ "சுரீர்" என்றால் உடனே நிறுத்துங்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு, தகுதி பெற்ற மின்பணியாளரிடம் காட்டுங்கள். இதைப் பிக்கப் கோளாறு என்று நினைத்துத் தொடர்ந்து வாசிப்பது உயிருக்கே ஆபத்து.

எப்போது மாற்றக் கூடாது?

கித்தாரின் கழுத்து வளைந்திருந்தால், ஃபிரெட்டுகள் தேய்ந்திருந்தால், சுருதி நிற்காவிட்டால் எந்தப் பிக்கப்பும் அதைச் சரிசெய்யாது. அந்தப் பணத்தில் கித்தாரைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் செட்டப் செய்துகொள்ளலாம். கழுத்து நன்றாக இருந்து, கைக்கும் பழகிய கித்தார் என்றால், அளவு பார்த்து வாங்கிய மலிவுப் பிக்கப்பே அதை இன்னும் பல ஆண்டுகள் மேடையில் வைத்திருக்கும்.