காற்றை மறந்த பரவளையமும் கடலூரில் இறந்துபோன ஒரு வெள்ளைக்காரரும்

"காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்." ப்ளஸ் ஒன் இயற்பியல் படிச்ச எல்லாரும் இதைப் பார்த்திருப்பீங்க. எறிபொருள் கணக்கு எதை எடுத்தாலும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும். நாமளும் சூத்திரத்தைப் போட்டோமா, மார்க்கை வாங்கினோமான்னு போய்ட்டோம். அந்த ஒத்தை வரிக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேல ஓடின ஒரு சண்டை இருக்கு. இத்தாலியில ஆரம்பிக்கிற கதை நம்ம கடலூர் வரைக்கும் வரும், பொறுமையா வாங்க.

1537ல தார்தாக்லியான்னு ஒரு இத்தாலியக் கணக்கு வாத்தியார், பீரங்கிக் குண்டு எப்படிப் போகும்னு ஒரு புத்தகம் போட்டார். குண்டு முதல்ல நேரா போகும், அப்புறம் வளையும், கடைசியில செங்குத்தா விழும். இதான் அவர் போட்ட படம். சுத்தத் தப்புன்னு பின்னால வந்தவங்க சிரிச்சாங்க.

சிரிக்க வச்சவர் கலிலியோ. 1638ல, வீட்டுக்காவல்ல இருந்துக்கிட்டே, ஹாலந்துல அச்சடிச்சு வெளியிட்ட புத்தகத்துல எறிபொருளோட பாதை பரவளையம்னு நிரூபிச்சார். ஆனா மனுஷன் நேர்மையானவர். காற்று தடுக்கும், அதுவும் வெடிமருந்து வேகத்துல போற குண்டுக்கு இந்தக் கணக்கு சரியா வராதுன்னு அதே புத்தகத்துல எழுதியும் வச்சார். பரவளையத்தைப் பிடிச்சுக்கிட்டவங்க அந்த எச்சரிக்கையை மட்டும் வசதியா மறந்துட்டாங்க!

கலிலியோவோட சீடர் தோரிசெல்லி 1644ல பரவளையத்தை வச்சு அட்டவணையே போட்டுக் குடுத்தார். ஜெனோவாவுல அதை நம்பி பீரங்கி சுட்டுப் பார்த்த ஒருத்தர், குண்டு அட்டவணைப்படி போகலைன்னு 1647ல கடிதம் எழுதினார். நான் எழுதினது கணிதம், பீரங்கிக்காரங்களுக்கான கையேடு இல்லைங்கிற தோரணையில பதில் போச்சு. (இன்னிக்கும் நாம அந்த பதிலைத்தான் பாடமா வச்சிருக்கோம், இல்லையா?)

1687ல நியூட்டன் காற்றுத் தடையைப் பத்தி முறையா எழுதினார். வேகம் ரெண்டு மடங்கானா தடை நாலு மடங்காகும்னு சொன்னார். அப்பவும் பலபேர் அசையலை. காத்து எங்கே, இரும்புக் குண்டு எங்கே, அது என்ன பெருசா தடுத்துடப் போகுதுன்னு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பை உடைச்சவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707ல இங்கிலாந்துல பாத் நகரத்துல பிறந்தவர். வேகத்தை அளக்கக் கருவியே இல்லாத காலத்துல இவர் பண்ணின வேலை ரொம்ப எளிமையானது. ஒரு கனமான மரக்கட்டையை ஊஞ்சல் மாதிரி தொங்க விட்டு, துப்பாக்கியால அதுல சுட்டார். குண்டு உள்ளே புதைஞ்சதும் கட்டை எவ்வளவு தூரம் ஆடுதுன்னு ஒரு ரிப்பனை வச்சு அளந்தார். ஆட்டத்துல இருந்து குண்டோட வேகம் கிடைச்சிடும். அப்புறம் கிட்ட இருந்து சுட்டு, தள்ளி நின்னு சுட்டு, ரெண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தா நடுவுல காத்து எவ்வளவு தின்னுச்சுன்னு தெரிஞ்சிடும்.

1742ல வெளிவந்த அவர் புத்தகத்துல இருக்கிற கணக்கைப் பாருங்க. முக்கால் அங்குல ஈயக்குண்டு, வினாடிக்கு 1700 அடி வேகம். பரவளையப்படி 45 டிகிரியில சுட்டா 17 மைல் போகணும். நிஜத்துல போறது அரை மைல்கூட இல்லை! அந்த வேகத்துல காத்து குடுக்கிற தடை, குண்டோட எடையைப் போல சுமார் 120 மடங்கு. பாடத்துல புவியீர்ப்பை வச்சுக்கிட்டு காத்தைத் தூக்கிப் போடுறோமே, இங்கே அதுதான் பெரிய விசை. ஒலியோட வேகத்தை நெருங்கும்போது தடை திடீர்னு எகிறுறதையும் அவர் கவனிச்சிருந்தார்.

ஒரு கொசுறு: குண்டு சுழன்றா பக்கவாட்டுல விலகும்னு காட்ட, துப்பாக்கிக் குழலை இடது பக்கமா வளைச்சுச் சுட்டார். குண்டு முதல்ல இடது பக்கம் போய், அப்புறம் வலது பக்கம் திரும்பிடுச்சு. சுழற்பந்து காத்துல விலகுற அதே விஷயம்தான்.

மாபெரும் கணித மேதை ஆய்லர் இந்தப் புத்தகத்தை 1745ல ஜெர்மன்ல மொழிபெயர்த்து, விளக்கவுரையை மூலத்தைவிடப் பெருசா எழுதினார். 1753ல நிஜப் பாதையைத் துண்டு துண்டா கணக்குப் போடுற வழியையும் சொன்னார்.

அதுக்குள்ள ராபின்ஸ் உயிரோட இல்லை. 1746ல பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சு, ஒப்பந்தப்படி 1749ல திருப்பிக் குடுத்தாங்க இல்லையா? கோட்டைகளைப் பலப்படுத்த கிழக்கிந்திய கம்பெனி அனுப்பின தலைமைப் பொறியாளர் நம்ம ராபின்ஸ்தான். 1750ல வந்தார். காய்ச்சல் விடலை. 1751 ஜூலை 29, கடலூர் தேவனாம்பட்டினத்துல இருந்த செயின்ட் டேவிட் கோட்டையில இறந்தார். வயசு 44. காத்தை அளந்தவருக்கு நம்ம கடற்கரைக் காத்து ஒத்துக்கலை.

அவர் கிளப்பின கணக்கு அவரோட முடியலை. ரெண்டாம் உலகப்போர்ல ஒரே ஒரு பீரங்கிக் குண்டோட பாதையை மேஜைக் கணக்குப்பொறியில போட ஒருத்தருக்குச் சுமார் 20 மணி நேரம் ஆச்சு. அந்தச் சுமையைத் தாங்க முடியாமத்தான் அமெரிக்க ராணுவம் எனியாக் கணினிக்குப் பணம் குடுத்தது. 1946ல உலகத்துக்கு அறிமுகமான எனியாக் அதே வேலையை அரை நிமிஷத்துல முடிச்சுது.

தார்தாக்லியாவையும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். காத்துல போற குண்டு ஏறினதைவிடச் செங்குத்தாத்தான் இறங்கும். அந்த ஒரு விஷயத்துல, அழகான பரவளையத்தைவிட அவரோட கோணல் படம்தான் உண்மைக்குக் கிட்ட.

புறக்கணிக்கிறது தப்பில்லைங்க. முதல் பாடம் அப்படித்தான் ஆரம்பிக்கணும். ஆனா அடுத்த பக்கத்துல ரெண்டு வரியாவது ராபின்ஸைப் பத்தி இருந்தா, கடலூர்ப் பசங்க அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் ஆசையா போடுவாங்க.