ஓரணாச் சிற்றுண்டியும் கல்வி நிதியும்: சென்னை மாநகராட்சியின் தனிநிதி வரலாற்றில் சில கட்டங்கள்

1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கலாம், செலவு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். அங்கே படிப்பவர்கள் ஏழைகள் என்றும், அந்த வறுமையால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை குன்றுகிறது என்றும் தலைவர் பிட்டி. தியாகராயர் காரணம் சொன்னார்.

மதிய உணவின் வரலாற்றை எழுதுவோர் இத்தீர்மானத்தைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அந்தச் சிற்றுண்டிக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் வந்தது, பிறகு ஏன் நின்றது என்ற கேள்விகள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஒரு நகரம் குறிப்பிட்ட நோக்கத்துக்கென ஒதுக்கிவைக்கும் பணத்தை எப்படிக் கையாள்கிறது என்பதை அறிய, அக்கேள்விகளைவிட நல்ல வாயில் இல்லை.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆயிற்று. ஏறத்தாழ இரு மடங்கு. ஆயினும் 1925 ஏப்ரல் 1 முதல் உணவு நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய ஆங்கிலேய அரசு ஒப்புக்கொள்ளவில்லை.

தொடக்கக் கல்வி நிதி என்பது மாநகராட்சியின் பொதுப் பணப்பெட்டிக்குள் தடுப்பு வைத்துப் பிரித்த ஓர் அறை. கல்விக்கென்று சேரும் பணத்தைச் சாலைக்கோ சாக்கடைக்கோ எடுக்கக் கூடாது. இப்படியொரு தடுப்பு தேவையானதுதான். உடைந்த சாலையும் அடைத்த சாக்கடையும் அன்றாடம் கவுன்சிலரின் வாசலுக்கு வந்து முறையிடும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை அப்படி வந்து நிற்பதில்லை. ஆனால் அதே தடுப்பு 1925இல் பிள்ளைகளுக்கு எதிராகவே நின்றது. எது கல்விச் செலவு என்று வரையறுக்கும் அதிகாரம் வரி கொடுத்தவர்களிடமும் இல்லை, அவர்கள் தேர்ந்தெடுத்த மன்றத்திடமும் இல்லை. மேலிருந்த அரசு குறுகிய பொருள் கொண்டது. வருகைப் பதிவேடு சொன்ன உண்மையைச் செலவினத் தலைப்பு கேட்க மறுத்தது என்றே நான் இதைப் படிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மாநகராட்சி மீண்டும் முயன்று, 25 பள்ளிகளில் 1,000 ஏழை மாணவர்களுக்கு மதிய உணவு வழங்க முற்பட்டது.

நூலக வரியில் தடுப்பு வேறு வடிவம் எடுத்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. எஸ். ஆர். ரங்கநாதனின் நீண்ட முயற்சியும் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் ஈடுபாடும் அதற்குப் பின்னே இருந்தன. இதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. இப்போது சொத்து வரி ரூபாய்க்கு 10 காசு. வசூலிப்பது மாநகராட்சி, செலவிடுவது நூலக ஆணைக்குழு. எனவே இந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் குழப்பம் எழுவதில்லை. சிக்கல் காலத்தில் இருக்கிறது. வசூலான தொகை உரிய நேரத்தில் கைமாறாமல் நிலுவையாக நின்றதைச் செய்தித்தாள்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. நூலகத்துக்கென்று ஒருவர் கட்டிய வரி, புத்தகமாக மாறாமல் மாநகராட்சிக் கணக்கிலேயே தங்குமானால் அதைத் தனிநிதி என்று அழைப்பதில் பொருளில்லை.

தண்ணீரில் பிரிவு முழுமையானது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவான சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம், குடிநீர்க் கழிவுநீர் வரியைத் தானே விதித்துத் தானே வசூலிக்கிறது. அதே வீட்டுக்கு, அதே ஆண்டு மதிப்பின் மேல் இரண்டு அலுவலகங்களின் ரசீதுகள். மாநிலத்தின் ஏனைய பல நகராட்சிகளிலோ குடிநீர் வடிகால் நிதியும் தொடக்கக் கல்வி நிதியும் இன்றும் ஒரே அலுவலகத்துக்குள் தனித்தனிக் கணக்குகளாகவே இருக்கின்றன.

உணவுக்குத் திரும்புவோம். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவும் மாநிலம் எங்கும் பரவின. அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இவ்வளவு நடந்த பிறகும் தமிழ்நாட்டில் சத்துணவு பள்ளிக் கல்வித் துறையின் பொறுப்பில் இல்லை. சமூக நலத் துறைதான் அதை நடத்துகிறது. 1925இல் கல்வி நிதிக்கு வெளியே தள்ளப்பட்ட சோற்றுக்குக் கடைசியில் தனியாக ஒரு தலைப்பு கிடைத்தது.