பஹாய்: யார் வைத்த பெயர்?

டெல்லியில் கால்காஜி கோயிலுக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் தாமரைக் கோயிலை அறியாதவர் குறைவு. அது நிற்கும் இடத்தின் பழைய பெயர் பஹாபூர். பஹாய்கள் கோயில் கட்டியதால் வந்த பெயர் என்றுதான் கேட்டவுடன் தோன்றும். ஆனால் நிலம் வாங்கியது 1953-இல், கோயில் திறந்தது 1986 டிசம்பரில். பஹாபூர் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பஹாபூர்தான். பஹாய் அன்பர்கள் அதற்கு 'பஹாவின் ஊர்' என்று மகிழ்ச்சியோடு பொருள் சொல்வார்கள். இந்திக்காரர் காதில் 'பஹா' என்றால் 'ஓடியது', தண்ணீர் ஓடுகிறதே அந்த ஓட்டம். பாரசீகமும் உருதுவும் படித்தவருக்கு 'விலை'. அரபி தெரிந்தவருக்குப் 'பேரொளி', 'மாட்சி'. ஊருக்குப் பெயர் எதிலிருந்து வந்தது என்ற வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அந்த ஒலியின் மற்ற பயணம்.

முதலில் ஒரு சிக்கலை அவிழ்த்துவிடலாம். பாரசீக 'பஹா'வும் அரபி 'பஹா'வும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'கூன்பஹா' என்றால் கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் பணம். 'பேஷ்பஹா' என்றால் விலைமதிப்பில்லாதது. இரண்டிலும் இருப்பது பாரசீகச் சொல். அரபிச் சொல்லின் கடைசியில் தொண்டையை ஒரு கணம் நிறுத்தும் 'ஹம்ஸா' உண்டு. பாரசீகர் வாயில் அந்த நிறுத்தம் கரைந்துபோய், இரண்டு சொல்லும் ஒரே ஒலியாகிவிட்டன. அரபி வேரிலிருந்து 'அப்ஹா' வரும், அதாவது மிகப் பேரொளி உடையது. பஹாய்கள் ஒருவரையொருவர் கண்டால் சொல்லும் 'அல்லாஹு அப்ஹா'வில் இருப்பது அதுதான். பஹாய் மதத்தை நிறுவிய பஹாவுல்லா 1892-இல் அக்கா நகருக்கு வெளியே காலமான மாளிகைக்கு பஹ்ஜி என்று பெயர். அதையும் இந்த வேரில் சேர்ப்பவர்கள் உண்டு, சேர்க்கக் கூடாது. அது 'களிப்பு' என்ற பொருளுடைய வேறொரு வேர்.

எழுத்துக்கு எண் கொடுத்துக் கூட்டும் அரபிக் கணக்கில் ப 2, ஹ 5, அலிஃப் 1, ஹம்ஸா 1. ஆகமொத்தம் 9. தாமரைக் கோயிலுக்கு ஒன்பது வாசல் வந்த வழி இதுதான். கிரந்தம் வேண்டாதவர்கள் தமிழில் 'பகா' என்று எழுதும்போது எனக்குப் பள்ளிக்கூடத்துப் பகா எண் நினைவுக்கு வரும். ஒன்பது பகா எண் இல்லை. ஆனால் பஹாய் நாட்காட்டியின் அடிப்படையான பத்தொன்பது பகா எண்தான்: பத்தொன்பது நாள் கொண்ட பத்தொன்பது மாதம். 'வாஹித்', அதாவது 'ஒன்று' என்ற அரபிச் சொல்லைக் கூட்டினாலும் 19-தான் வருகிறது. தற்செயல் இல்லை, தெரிந்தே வைத்த கணக்கு.

அந்தப் பத்தொன்பது மாதங்களில் முதல் மாதத்தின் பெயர் பஹா. மாதங்களுக்குப் பெயர் வைத்தவர் பாப், 1844-இல் ஷீராஸ் நகரில் புதுச் செய்தியை அறிவித்தவர். அவர் அந்தப் பெயர்களைத் தானாகப் புனையவில்லை. ரமலான் மாத வைகறையில் ஷியா முஸ்லிம்கள் ஓதும் வேண்டுதல் ஒன்று உண்டு. ஐந்தாம் இமாம் முகம்மது அல்பாகிர் வழி வந்ததாகச் சொல்லப்படும் அது, இறைவனின் பண்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்கிறது, பஹாவிலிருந்து தொடங்கி. மாதங்களின் வரிசை அந்த வேண்டுதலின் வரிசையை ஒட்டியே போகிறது. ஆக இந்தப் பெயர் ஓர் ஈரானிய முஸ்லிமுக்கு அவர் பாட்டி நோன்பு வைக்க எழுந்து ஓதிய சொல். அதே சொல் இன்னொருவருக்கு அவருடைய மதத்தின் பெயர். இந்த இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது, சொல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி சொல்லாமலே நடுவில் உட்கார்ந்திருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. இஸ்ஃபஹான் நகரை அலங்கரித்த சஃபாவிய காலத்துப் பேரறிஞர் ஒருவரின் புனைபெயரும் 'பஹாயி'தான். பால்பெக்கில் 1547-இல் பிறந்து 1621-இல் மறைந்த ஷேக் பஹாயி, கணிதம், சட்டம், கவிதை எல்லாவற்றிலும் கைவைத்தவர். இறைவனின் மறைந்த மகாநாமம் 'பஹா' என்று அறிந்துதான் அவர் அந்தப் புனைபெயரை வைத்துக்கொண்டார் என்பது பஹாய்கள் மரபு. இன்றும் டெஹ்ரானில் ஷேக் பஹாயி தெரு இருக்கிறது. தெருப் பலகையில் மரியாதையாக நிற்கும் அதே பெயரை, விண்ணப்பத்தில் மதம் என்று எழுதினால் பல்கலைக்கழகக் கதவு மூடிக்கொள்ளும்.

பெயர் ஆளுக்கு வந்தது 1848-இல். பதஷ்த் என்ற சிற்றூரில் பாபின் சீடர்கள் எண்பத்தொரு பேர் கூடினார்கள். அங்கே ஆளாளுக்குப் புதுப்பெயர். மாஸந்தரான் பக்கத்து நூர் குடும்பத்தைச் சேர்ந்த மிர்சா ஹுசைன் அலி வைத்துக்கொண்டது 'பஹா'. பின்னாளில் அவர் பஹாவுல்லா, 'இறைவனின் பேரொளி'. நாடுகடத்தப்பட்டு 1863 முதல் 1868 வரை அவர் எதிர்னே நகரில் இருந்தபோதுதான் 'பஹாவின் மக்கள்' என்ற அடையாளம் பாபிகளிடமிருந்து பிரிந்து நின்றது. உள்ளே இருந்தவர்களுக்கு விஷயம் அங்கேயே முடிந்தது. வெளியே இருந்தவர்கள் விடவில்லை, பல பத்தாண்டுகள் 'பாபி' என்றே கூப்பிட்டார்கள். பஹாவுல்லாவை 1890-இல் பஹ்ஜியில் நேரில் கண்ட கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்ட் பிரவுன்கூட, 1918-இல் வெளியிட்ட தொகுப்புக்கு பாபி சமயத்தைப் பற்றிய ஆவணங்கள் என்றே தலைப்பு வைத்தார். அவருக்குக் காழ்ப்பு ஒன்றும் கிடையாது. வரலாற்றாசிரியருக்கு மூலத்தின் மேல் பற்று, நேற்றுவந்த கிளையின் மேல் ஐயம். ஆனால் ஒருவர் தன்னை என்னவென்று சொல்கிறாரோ அதை ஒதுக்கி, நமக்குச் சரியென்று பட்ட பெயரால் அழைப்பது அன்போடு செய்தாலும் மரியாதைக் குறைவுதான் என்பேன்.

அன்பில்லாமல் செய்வது வேறு கதை. ஈரானில் அரசும் மேடைகளும் பஹாய்களைக் குறிக்கும் சொல் 'ஃபிர்கா', அதாவது கும்பல், பிரிவு. பஹாய்கள் தங்களைச் சொல்வது 'ஆயீன்' அல்லது 'தியானத்'. இரண்டுக்கும் மதம் என்று பொருள். 1979 அரசியலமைப்பு ஜொராஸ்திரியர், யூதர், கிறிஸ்தவர் என்ற மூவரை மட்டுமே சிறுபான்மை மதத்தாராக ஏற்கிறது. பட்டியலில் இல்லாதவர்களுக்கு மதம் என்ற சொல்லும் இல்லை. நம் நாட்டுக்கு இந்த வித்தை புதிதா? அசோகன் தன் கல்வெட்டுகளில் எந்தச் சமயத்தாரையும் 'பாசண்டம்' என்றே சொல்கிறான், இழிவாக இல்லை. தன் பாசண்டத்தைப் புகழ்ந்து பிறர் பாசண்டத்தைப் பழிக்காதே, நாவை அடக்கு என்பது அவனுடைய பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டின் சாரம். சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் கோயில் கொண்ட தெய்வம். பின்னால் வடமொழி வழக்கில் அதே சொல் வேதத்தைப் பழித்தவன், போலி, மோசக்காரன் என்று இறங்கிவிட்டது. அசோகன் கல்வெட்டு ஒன்று 1966-இல் இதே பஹாபூரில் ஒரு பாறையில் கண்டெடுக்கப்பட்டது. அது இந்தப் பன்னிரண்டாம் கட்டளை இல்லை, சிறு பாறைக் கட்டளை.

எகிப்தில் பெயரின் பாடு இன்னும் விசித்திரம். 1925-இல் மேல் எகிப்தின் பெபா ஊர் ஷரீயத் நீதிமன்றத்தில் வழக்கு: பஹாய்களாகிவிட்ட கணவர்களோடு முஸ்லிம் மனைவியரின் திருமணம் செல்லுமா? செல்லாது என்று தீர்ப்பு. காரணம், பஹாய் என்பது தனிச் சட்டமும் தனிக் கொள்கையும் கொண்ட வேறொரு புது மதம். பௌத்தரை எப்படி முஸ்லிம் என்று சொல்ல முடியாதோ, அப்படியே பஹாயையும் சொல்ல முடியாது. குடும்பங்களைப் பிரித்த அந்தத் தீர்ப்பைப் பஹாய்களின் தலைவர் ஷோகி எஃபெண்டி விடுதலைச் சாசனம்போல வரவேற்றார். எதிராளியின் வாயிலிருந்து முதல்முதலாகச் சரியான பெயர் வந்ததல்லவா! எண்பது ஆண்டு கழித்து அதே நாட்டில், அடையாள அட்டையில் மதம் என்ற கட்டத்தில் மூன்று மதங்களைத் தவிர எதையும் எழுதக் கூடாது என்றார்கள். பொய் எழுத மறுத்த பஹாய்களுக்கு அட்டையே இல்லை. அட்டை இல்லையென்றால் வங்கிக் கணக்கோ பள்ளிச் சேர்க்கையோ எதுவும் நடக்காது. நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 2009-இல் கிடைத்தது ஒரு சிறு கோடு. கட்டத்தில் '–' என்று போட்டுக்கொள்ளலாம்.

பெயரை மறுப்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் உரையாடலுக்கு வர முடியாது. இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த உரையாடல், பம்பாய்ப் பார்சி ஒருவருக்கும் அக்காவில் காவலில் இருந்த பஹாவுல்லாவுக்கும் கடிதத்தில் நடந்தது. மானெக்ஜி லிம்ஜி ஹதாரியா, சூரத் பக்கத்தில் 1813-இல் பிறந்தவர். ஈரானில் நசுங்கிக் கிடந்த ஜொராஸ்திரியர்களுக்கு உதவ பம்பாய்ப் பார்சிகள் 1854-இல் அவரை அனுப்பினார்கள். போகும் வழியில் பாக்தாதில் பஹாவுல்லாவைச் சந்தித்தார் என்பர். ஜொராஸ்திரியர் மீதான ஜிஸ்யா வரி 1882-இல் ஒழிந்ததற்குப் பெரிதும் காரணம் இவர்தான். அன்றைய ஈரானில் பிற மதத்தார் 'நஜிஸ்', தீட்டு. பல ஊர்களில் யூதர் மழை நாளில் தெருவில் இறங்கக் கூடாது. அவர் மேல் பட்ட தண்ணீர் வழிந்து மற்றவர்மேல் படுமாம்! அந்தத் தீட்டைத் தம் நூலில் ரத்து செய்து, எல்லா மதத்தாரோடும் கலந்து பழகுங்கள் என்று சொன்னவர் பஹாவுல்லா.

மானெக்ஜிக்கு ஒரு பித்து உண்டு. அரபி கலக்காத தூய பாரசீகம். நம் தனித்தமிழ் அன்பர்களை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் கேட்டு எழுத, பதில் அந்தத் தூய பாரசீகத்திலேயே வந்தது. இதன் அருமை சட்டென்று விளங்காது. பஹாவுல்லாவின் வழக்கமான எழுத்து அரபியில் மூழ்கியது. அவருடைய சமயக் கலைச்சொற்கள் எல்லாமே அரபி. அவர் பெயரே அரபி! அத்தனையையும் எடுத்துவைத்துவிட்டு, எதிரே இருப்பவர் எந்தச் சொல்லில் வாழ்கிறாரோ அந்தச் சொல்லில் எழுதினார். அரபி வந்து தங்கள் மொழியையும் கோயில்களையும் அழித்தது என்று வருந்தும் ஒரு பார்சிக்கு, அரபிச் சொல் இல்லாத கடிதம் என்ன சொல்லியிருக்கும்? கடிதத்தின் கருத்தைவிட அதுதான் முதலில் போய்ச் சேர்ந்திருக்கும்.

மானெக்ஜி லேசில் விடுகிற ஆள் இல்லை. சேர வருகிறவரை ஏற்காத மதம், வந்தால் ஏற்கும் மதம், வலிந்து இழுக்கும் மதம், இவற்றில் எது நல்லது என்று கேட்டிருந்தார். இந்து சமயம் பற்றியும் கேள்விகள் உண்டு. வந்த பதில் கேள்விவாரியாக இல்லாமல் பொதுவாக இருந்தது. அவருக்குத் திருப்தியில்லை. அவருடைய எழுத்தரும் பஹாயுமான மிர்சா அபுல் ஃபஸ்ல் மறுபடி எழுதினார். 1882-இல் வந்த இரண்டாம் பதில் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டதோடு, முன்பு ஏன் நேரடியாகச் சொல்லவில்லை என்பதையும் விளக்கியது: அப்படிச் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் கொதித்திருப்பார்கள். மரியாதையான உரையாடல் என்றால் எல்லாம் இனிக்கும் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு கடிதங்களைப் பார்க்க வேண்டும். கேட்டவர் விடாப்பிடிக்காரர், பதில் சொன்னவர் எச்சரிக்கைக்காரர். யஸ்த் பக்கத்து ஜொராஸ்திரியர் பலர் பின்னர் பஹாய்களானார்கள். பஹாபூர் நிலத்துக்குத் தன் வாழ்நாள் சேமிப்பை எழுதிவைத்தவர் சிந்து மாகாணத்து ஹைதராபாதைச் சேர்ந்த அர்தஷீர் ருஸ்தம்பூர். அர்தஷீர், ருஸ்தம் இரண்டும் இஸ்லாத்துக்கு முந்திய பாரசீகப் பெயர்கள்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். பெயர் வைக்கும் அதிகாரம் பஹாய்கள் கையிலும் உண்டு. கிருஷ்ணர், புத்தர், மோசே, இயேசு, முகம்மது எல்லோரையும் அவர்கள் 'மஸ்ஹர்', அதாவது இறைவன் வெளிப்படும் இடம் என்கிறார்கள். பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் கிருஷ்ணனைக் கண்ணனாகவே, முழுமுதலாகவே கும்பிடும் வைணவரிடம் 'பலரில் ஒருவர்' என்றால் அவர் நெற்றி சுருங்கும். கடவுளைப் பற்றி வாய் திறவாத புத்தரைக் கடவுள் அனுப்பினார் என்றால் பௌத்தர் சிரிப்பார், அல்லது எழுந்து போவார். பஹாவுல்லாவின் மகன் 1912 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் எம்மானுவேல் யூத ஆலயத்தில் பேசினார். அவர் தந்தை இறந்தபின் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அப்துல் பஹா, 'பஹாவின் ஊழியன்'. கிறிஸ்தவர் மோசேயை இறைத்தூதர் என்று ஒப்புக்கொள்கிறாரே, நீங்கள் இயேசுவுக்கு ஒரு நல்ல சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்பது அவர் வாதம். துணிச்சலான பேச்சு. ஆயினும் அந்த நல்ல சொல்லின் பெயரால் ஐரோப்பாவில் யூதர் பட்டதை நினைத்தால், கேட்டவர்களில் சிலருக்கு வலித்திருக்கும் என்றே தோன்றுகிறது.

இந்தியாவில் இந்தப் பெயர் எடுத்த வேடம் தனி. 1960-களில் மாளவத்துக் கிராமங்களுக்குப் போனபோது அது 'பகவான் பஹா' ஆனது. பஜனை மெட்டில் பாடினார்கள். கல்கி அவதாரம் என்றார்கள். வில்லியம் கார்லிங்டன் என்ற ஆய்வாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மானெக்ஜிக்குத் தூய பாரசீகம் எழுதிய அதே பண்பா, இல்லை ஆள் சேர்க்கும் உத்தியா? இரண்டும் கலந்தது என்பது என் கணிப்பு. பகவான் பஹாவைப் பாடிய கிராமத்துக்காரர் ஹோலியையும் விடவில்லை, சாதிப் பெயரையும் விடவில்லை. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பஹாய் என்று பதிவானவர்கள் சுமார் 4,500 பேர். சமூகத்தினர் சொல்லிவந்த கணக்கு இருபது லட்சம். கணக்கெடுப்பாளர் கேட்பது ஒரே ஒரு பெயரை. பாடியவர் வைத்திருந்ததோ இரண்டு.

தமிழோடு இந்தப் பெயருக்கு உறவு பழையது. பர்மாவில் பஹாய் சமூகத்தை வளர்த்த சையது முஸ்தஃபா ரூமி சென்னைக்காரர், 1870-களில் இங்கேதான் பஹாய் நெறியைப் பரப்ப வந்த ஜமால் எஃபெண்டியைச் சந்தித்துப் புது நெறிக்கு வந்தார். மலேசியத் தமிழரிடையேயும் பஹாய்கள் கணிசம். எழுத்தில் மட்டும் இன்னும் குழப்பம்: பகாய், பஹாய், பஹாயி, பஹாயிசம். 'இசம்' வேண்டாம், அவர்களே அதை விரும்புவதில்லை. 'பாபி' என்பதை எதிர்னே காலத்துக்கு முந்தைய இயக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 'பஹாயி' என்றால் ஷேக் நினைவுக்கு வருவார், அவருக்கே விட்டுவிடலாம். 'இஸ்லாமியப் பிரிவு' என்று நம் செய்தித்தாள்கள் அவ்வப்போது எழுதுவதை பெபா நீதிபதிகளே ஒப்ப மாட்டார்கள். மிஞ்சுவது பகாய், பஹாய் இரண்டும். தூய தமிழ் எழுதுகிறவர் முன்னதை எழுதட்டும், நான் பின்னதை எழுதுகிறேன்.